குளிசை எனக்கு, பிள்ளை யாருக்கு?

அன்பின் அக்காவுக்கு,

எனக்கு வயது 32. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கலியாணமாகிச் சில வருசங்களாகியும் பிள்ளை இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு பி.சி.ஓ.எஸ். (ஹோர்மோன் குழப்பத்தால் முட்டை ஒழுங்காக வளராத நிலை) என்றார்கள். முட்டை வளர்வதற்கு குளோமிஃபீன் குளிசை தந்திருக்கிறார்கள். மாதவிடாய் வந்த 2ஆம் நாளிலிருந்து 5 நாளைக்குப் போட வேண்டும்.

அந்த நாள்களில் உடம்பு திடீரென்று கொதிக்கிறது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வருகிறது. பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன்.

மாமி தன் இளைய மகனை 2009 போரில் மாத்தளனில் பறிகொடுத்தவர். "அவன்தான் உன்ர வயித்தில வந்து பிறப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பெயர்கூட முடிவாகிவிட்டது, அந்த மகனுடைய பெயர்தான். வட்டாப்பளை அம்மனுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் நேர்த்தி வைத்திருக்கிறார். மாதாமாதம் நான் சாமியறைக்குள் போகாத நாள் மாமிக்கு விளங்கிவிடும். ஒன்றும் சொல்ல மாட்டார். மகனுடைய படத்துக்கு முன்னால் போய் இருந்துவிடுவார். திட்டினால்கூடத் தாங்குவேன் அக்கா.

இவர் வயல் செய்கிறார். டொக்டர் சேரச் சொன்ன நாள்களில் யானைக் காவல் என்று டோர்ச்சையும் யானை வெடியையும் தூக்கிக்கொண்டு பரணுக்குப் போய்விடுகிறார். "இண்டைக்கு உன்ர முறை இல்லையே" என்று பக்கத்து வயல்காரர் கேட்டதை நானே கேட்டேன். இவருக்கும் ஒரு பரிசோதனை எழுதித் தந்தார்கள். அந்தத் துண்டு என் கிளினிக் கொப்பிக்குள் மடித்தபடி கிடக்கிறது.

எனக்கு மனநோய் ஏதுமா? குளிசையை விட்டுவிடட்டுமா?

— ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

குளிசையிலிருந்து தொடங்குகிறேன். குளோமிஃபீன் 1960களிலிருந்து பாவனையில் இருக்கிற பழைய மருந்து. உடம்பில் ஈஸ்ட்ரஜன் குறைந்துவிட்டது என்று அது மூளையை நம்பவைக்கும். உடனே மூளை முட்டையை வளர்க்கிற ஹோர்மோனைக் கூட்டும். அந்த நம்பிக்கையின் பக்கவிளைவாக, மாதவிடாய் நிற்கும் வயதில் வருகிற வெக்கையும் எரிச்சலும் அழுகையும் 32 வயதிலேயே எட்டிப்பார்க்கும். ஆகவே கிணற்றடி அழுகையில் ஒரு பங்கு மருந்தினுடையது. குளிசை முடிந்தபின் அது மெல்ல அடங்க வேண்டும். அடங்காமல் மாதம் முழுக்க நீடித்தாலோ, நித்திரையும் சாப்பாடும் கெட்டாலோ டொக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். கண் மங்கினால், பார்வையில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால், வயிறு வீங்கிக் கடுமையாக வலித்தால், அடுத்த குளிசையைப் போடாமல் உடனே காட்டுங்கள்.

மற்றபடி நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது இரண்டு விசயம் கேளுங்கள். முட்டை உண்மையில் வளர்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கிறார்களா? முட்டையை வளர்க்கிற இன்னொரு குளிசையான லெட்ரோசோல் உங்களுக்குப் பொருந்துமா? பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் லெட்ரோசோலைத்தான் முதலில் சொல்கிறது. குளோமிஃபீனைப் பொதுவாக 6 சுற்றுக்கு மேல் இழுப்பதில்லை.

ஆனால் அந்த மடித்த துண்டு விரியாமல் இதெல்லாம் அரைவாசி வேலைதான். அவருடைய அறிக்கை கையில் இல்லாமல் உங்களுக்கு மட்டும் மருந்து தொடர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளை தங்காததற்கு ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருப்பது வெகு சாதாரணம். 2 முதல் 7 நாள் சேராமல் இருந்துவிட்டு விந்து மாதிரி கொடுப்பதுதான் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. வெட்கம் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

அடுத்தது 'சேரச் சொன்ன நாள்'. விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்குத்தான் ஒரு நாளுக்குள் ஆயுள் முடிந்துவிடும். அதனால் அந்த ஒரு இரவைத் தவறவிட்டால் மாதமே போச்சு என்றில்லை. முட்டை வெளிவரும் நாளுக்கு முந்திய கிழமையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும். இதை அவரிடம் சொல்லுங்கள். காவல் முறை உண்மையாகவே வருகிற நாள்களில் அவர் நிம்மதியாகப் போய்வரலாம்.

முறை இல்லாத நாளிலும் ஏன் போகிறார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம். மாமி இழந்தது மகனை. உங்கள் கணவர் இழந்தது தம்பியை. அதை ஒருவரும் அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தத் தம்பியை நீயே பெற்றுத் தா என்று வீடு அவரிடம் கேட்கிறது. எந்த மனிதனும் பரணுக்குத்தான் ஓடுவான். உங்களுக்கும் அதே சுமைதான். மாதவிடாய் வருகிற ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் மறுபடி ஒரு செத்தவீடு நடக்கிறது. அதற்குக் குளோமிஃபீன் பொறுப்பில்லை, நீங்களும் பொறுப்பில்லை. சரி, பிறப்பது பெண்பிள்ளை என்றால் மாமி என்ன செய்வார்?

இதை மாமியிடம் பேச வேண்டியவர் அவருடைய மகன். மருமகள் வாயால் வந்தால் அது வேறு கதையாகிவிடும். முதலில் நீங்கள் இருவரும் தம்பியைப் பற்றிப் பேசுங்கள். தம்பி என்ன மாதிரி ஆள், அண்ணனும் தம்பியும் எதற்குச் சண்டை பிடித்தார்கள் என்று. அப்புறம் அவர் தாயிடம் சொல்லட்டும்: "அம்மா, தம்பி தம்பிதான். பிள்ளை வந்தால் அது வேற ஆள்." நேர்த்தியை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது மாமியின் பிடிமானம். பெயரை மட்டும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். தம்பியின் பெயரில் ஒரு நாள் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாமே என்று மாமியிடமே கேட்டுப் பாருங்கள். மகனைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு இடம் வேண்டும்.

உங்களுக்கு இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழில் பேசலாம்.

உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் ஃபோலிக் அமிலம் கேட்டு வாங்குங்கள். டொக்டர் குளோமிஃபீனை மாற்றினாலும் நிறுத்தினாலும், பிள்ளைக்கு முயல்கிற காலம் முழுக்கவும், பிள்ளை தங்கியபின் முதல் 12 கிழமைக்கும் அதை விடாமல் போட வேண்டும்.