விஸார்டே எல்லாவற்றையும் முடித்துவிட்டால் ஃபைட்டருக்கு என்ன வேலை?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளின்படி ஆடுகிறோம். நான் டிஎம் (கதையை நடத்துபவர்), ஆடுபவர்கள் நான்கு பேர். எல்லோரும் ஏழாவது லெவலுக்கு வந்துவிட்டார்கள். சண்டையோ பூட்டிய கதவோ, எது வந்தாலும் மந்திரவாதியான விஸார்டே முடித்துவிடுகிறார். போர்வீரனான ஃபைட்டரை ஆடும் நண்பர் தன் முறை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விஸார்டின் ஸ்பெல்களை, அதாவது மந்திரங்களை, கொஞ்சம் வெட்டலாமா? இல்லை, ஃபைட்டருக்கு நல்ல மாய வாள் ஒன்றைக் கொடுத்துச் சரிக்கட்டலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரு லாங் ரெஸ்டுக்கும் (செலவான சக்திகள் திரும்ப வரும் நீண்ட ஓய்வு) அடுத்த லாங் ரெஸ்டுக்கும் நடுவே எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? இந்தப் புகார் எழும் மேசைகளில் பெரும்பாலும் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டுதான் இருக்கும். 2014 டிஎம் கையேடோ ஒரு நாளுக்கு நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு என்று கணக்கில் வைத்திருக்கிறது. உங்கள் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழாவது லெவல் விஸார்டுக்கு 11 ஸ்பெல் ஸ்லாட், ஒரு ஸ்பெல் போட்டால் ஒன்று செலவாகும். அதில் மூன்றாம், நான்காம் நிலை ஸ்லாட்கள் நான்கே நான்கு. ஆர்கேன் ரெகவரி என்ற விஸார்டின் திறன் நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் திருப்பித் தரும், அவ்வளவுதான். நாளுக்கு ஒரே சண்டை என்றால் அந்த நான்கையும் அடுத்தடுத்த சுற்றுகளில் வீசிவிடலாம். ஃபயர்பால் ஸ்பெல்லின் அடி 8டி6 (ஆறுமுகப் பகடை எட்டு), சராசரி 28. வட்டத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும் விழும், சேவ் என்ற தற்காப்பு உருட்டலில் தேறியவருக்குப் பாதி. பெரிய வாள் பிடித்த, பலம் 18 உள்ள ஃபைட்டரின் இரண்டு அடியும் பட்டால் சராசரி 22, அதுவும் ஒரு எதிரிக்கு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பரிதாபமாகத்தான் தெரியும். ஆனால் அதே நாளில் ஆறு சண்டை வந்தால், நான்காவது சண்டையில் விஸார்ட் ஸ்லாட் செலவாகாத ஃபயர் போல்ட் எறிந்துகொண்டிருப்பார்: 2டி10, சராசரி 11. ஃபைட்டரின் வாள் அப்போதும் 22தான். ஆக்‌ஷன் சர்ஜ், அதாவது தன் முறையில் கூடுதலாக ஒரு செயல் செய்யும் ஃபைட்டரின் திறன், ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்கும் (சிறு ஓய்வு) திரும்ப வரும்.

ஒரே மாலையில் ஆறு சண்டை ஆட யாருக்கு நேரம் என்று கேட்பீர்கள். ஆடவே வேண்டாம். செஷன் முடிந்தால் லாங் ரெஸ்ட் என்ற வழக்கத்தை மட்டும் விடுங்கள். ஒரு கதைநாள் மூன்று செஷன் ஓடினால் என்ன? கையேட்டிலேயே ஒரு மாற்று விதி உண்டு: ஷார்ட் ரெஸ்டுக்கு எட்டு மணி நேரம், லாங் ரெஸ்டுக்கு ஏழு நாள். பயணமும் விசாரணையும் அதிகமுள்ள கதைக்கு அது நன்றாகப் பொருந்தும். அது கடுமையாகப் பட்டால் கதைக்குள் அவசரத்தைக் கொண்டுவாருங்கள். விடிவதற்குள் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்தால் குகை வாசலில் யாரும் எட்டு மணி நேரம் தூங்க மாட்டார்கள்.

மீதிப் பாதி சண்டைக்கு வெளியே இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. டேமேஜ் வித்தியாசத்தை ஃபைட்டர் ஆடுபவர் பொறுத்துக்கொள்வார். சுவர் ஏற ஃப்ளை, கதவுக்கு நாக், காவலாளிக்கு சார்ம் பெர்சன் என்று ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் வேறொருவர் தன் கேரக்டர் தாளைப் பார்த்தே தாண்டிவிடும்போதுதான் அவர் போனை எடுக்கிறார். இங்கே ஸ்பெல்லை வெட்டுவதற்கு முன் அதன் விவரத்தை முழுசாகப் படியுங்கள். நாக் போட்டால் எழும் தட்டல் சத்தம் 300 அடி வரை கேட்கும். சார்ம் பெர்சன் முடிந்ததும், தன்னை மயக்கியது யாரென்று அந்தக் காவலாளிக்குத் தெரிந்துவிடும். ஃப்ளை கான்சன்ட்ரேஷன் ஸ்பெல், அதாவது போட்டவர் கவனம் கலையாமல் பிடித்திருக்க வேண்டியது. அதோடு இன்னொரு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்லைப் பிடிக்க முடியாது, அடி பட்டால் உடல் உறுதிக்கான கான்ஸ்டிட்யூஷன் சேவ், தவறினால் பறந்துகொண்டிருப்பவர் கீழே. மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஸ்பெல்லை அரசவையில் யாருக்கும் கேட்காமல் போட முடியாது. பல மேசைகளில் விஸார்ட் இத்தனை பலசாலியாக இருப்பது, இந்த வரிகளை யாரும் கவனிக்காததால்தான்.

மாய வாளுக்கு வருவோம். +1 வாள் எண்ணைக் கூட்டும், அவரால் செய்ய முடிகிற காரியங்களைக் கூட்டாது. அதற்குப் பதில் விங்டு பூட்ஸ் கொடுங்கள். அன்காமன், அதாவது பெரிய அரிதில்லாத பொருள்தான், ஆனால் விஸார்டை எதிர்பார்க்காமல் பறக்கலாம். ஒருவர் மூன்று பொருளுக்கு மேல் அட்யூன் செய்ய (தன்னோடு பிணைத்துக்கொள்ள) முடியாது என்பதால் கை மீறிப் போகாது. கோட்டைக் காவல் தலைவர் பதவி, பழைய படைத்தோழர்கள், இவர் பேசினால் மட்டும் கேட்கும் கூலிப்படை போன்றவற்றுக்கு விதிப்புத்தகமே தேவையில்லை.

பலம் சமமாக இருந்தே தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிகா என்ற இதேபோன்ற விளையாட்டில் மந்திரவாதிகள் மற்றவர்களைவிட வெளிப்படையாகவே பலசாலிகள். ஆடுபவர்கள் மந்திரவாதியையும் சாதாரண ஆளையும் மாறி மாறி எடுத்துக்கொள்கிறார்கள். மறுபக்கம், 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பு எல்லா கிளாஸுக்கும் (விஸார்ட், ஃபைட்டர் போன்ற கேரக்டர் வகை) ஒரே அச்சில் சக்திகளைக் கொடுத்துச் சமப்படுத்தியது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று அதற்கும் புகார் வந்தது. ஒவ்வொருவரின் முடிவாலும் கதை எத்தனை முறை திரும்புகிறது என்பதைத்தான் நான் எண்ணிப் பார்ப்பேன்.

நீங்களும் எண்ணுங்கள். இரண்டு மூன்று செஷனுக்கு, யார் செய்ததால் நிலைமை மாறியதோ அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு வாருங்கள். பகடை உருட்டி ஸ்டேட்ஸ் (பலம் போன்ற அடிப்படை எண்கள்) எடுத்திருந்தால் அந்தத் தாள்களையும் ஒருமுறை பாருங்கள். பிரச்சினை கிளாஸில் இல்லாமல் அங்கே இருக்கலாம். அடுத்த ஆட்டத்தில், பகடைக்குப் பதில் எல்லோரும் 27 புள்ளிகளைச் செலவழித்து ஸ்டேட்ஸ் எடுக்கும் முறைக்குப் போய்விடுங்கள்.

வரும் எதிரிகள் எல்லோருக்கும் திடீரென்று மந்திரம் ஏறாதபடி செய்வது மட்டும் கூடவே கூடாது. விஸார்ட் ஆடுபவர் இரண்டாவது சண்டையிலேயே கண்டுபிடித்துவிடுவார். விதியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் செஷனுக்கு முன்பே சொல்லிவிட்டு, ஸ்பெல்களை மாற்றி எடுத்துக்கொள்ளவும் விடுங்கள்.

முதலில் லாங் ரெஸ்ட், பிறகு ஸ்பெல் விவரங்கள், பிறகு பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. கோடுகள் கூடியும் நண்பர் போனைக் கீழே வைக்கவில்லையென்றால் தனியாகக் கேளுங்கள். அவருக்கு ஃபைட்டரே அலுத்திருக்கலாம். அப்படியானால் அதே ஏழாவது லெவலில் வேறு கேரக்டர் எடுக்கச் சொல்லுங்கள்.