கீபோர்டை விற்றுவிடாதீர்கள் அம்மா

மகன் நீட்டுக்குப் படிக்காமல் கீபோர்டே கதியென்று கிடக்கிறான். டாக்டரானாலும் முதுநிலை, அதற்கும் மேல் என்று முப்பது தாண்டித்தான் நிலைப்பானாமே என்கிறீர்கள். இரண்டு கவலைக்கும் ஒரே ஆளைச் சொல்கிறேன்.

வயிற்று அறுவை சிகிச்சையின் முன்னோடி தியோடர் பில்ரோத். 1829-இல் ஜெர்மனியின் ரூகன் தீவில் பிறந்தவர். பாதிரியாரான அப்பா இவரின் ஐந்தாவது வயதிலேயே காசநோயில் இறந்துவிட்டார். பையன் படிப்பில் மந்தம். பியானோ என்றால் உயிர். இசைதான் என்று நின்றவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியதில் அம்மாவோடு பாம் என்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கும் பங்குண்டு. சேர்ந்த பிறகும் முதல் பருவம் இசையிலேயே போனது. பாம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு மாறியதும் இவரும் பின்னாலேயே போனார். ஆள் தேறியது அங்கேதான்.

1852-இல் பட்டம். பெர்லினில் போர்டு மாட்டி உட்கார்ந்தார். இரண்டு மாதம் ஒரு நோயாளிகூடப் படியேறவில்லை! கடையைக் கட்டிவிட்டு லாங்கன்பெக் என்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே ஏழு வருடம். 1860-இல் சூரிச்சில் பேராசிரியர், 1867-இல் வியன்னா. சூரிச்சில் தன் பிரிவில் இறந்தவர்களின் கணக்கையும் மறைக்காமல் அச்சிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

1881 ஜனவரி 29-இல் ஒரு பெண்ணின் புற்றுநோய் வந்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி, மீதியைச் சிறுகுடலோடு தைத்தார். அதற்கு முன் முயன்ற இருவரின் நோயாளிகளும் பிழைக்கவில்லை. இந்தப் பெண் எழுந்து வீட்டுக்குப் போனார். சில மாதத்தில் நோய் திரும்பியது என்பது வேறு. ‘பில்ரோத் ஒன்று’, ‘பில்ரோத் இரண்டு’ என்று இவர் பெயரிலேயே உள்ள இரைப்பை அறுவை முறைகளை அறுவை சிகிச்சை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த அறுவை சிகிச்சையின்போது அவருக்கு வயது 51. இசையையும் விடவில்லை, இசையமைப்பாளர் பிராம்ஸ், நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் இரண்டு இசைக்கோவைகளை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

‘அப்போ வற்புறுத்தலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாம் கிடைத்திராவிட்டால் அந்த அம்மாவின் ஆசை என்னவாகியிருக்குமோ! சீட்டு விசாரிக்கும்போது கட்டணத்தோடு நிறுத்தாமல், அங்கே யார் சொல்லித்தருகிறார்கள், வார்டில் எத்தனை நோயாளிகளைப் பார்க்க விடுவார்கள் என்றும் கேளுங்கள். முதுநிலையில் மாத உதவித்தொகை உண்டு. முப்பதுவரை வெறுங்கையோடு இருக்க மாட்டான்.

ராத்திரி எட்டிலிருந்து எட்டே முக்கால்வரை கீபோர்டு அவனுடையது. அதற்குள் அறைக்கதவைத் தட்டாதீர்கள். அடுத்த முறை அவனையும் அழைத்து வாருங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள், அவன் பேசட்டும்.