தொங்கும் வயிறெல்லாம் கொழுப்பா?

கேள்வி: எங்கள் நாட்டுப் பூனைக்கு நான்கு வயது. கருத்தடை அறுவை சிகிச்சை செய்திருக்கிறோம். வீட்டை விட்டு வெளியே போகாது. எடை 5.2 கிலோ; நடந்தால் வயிறு ஆடுகிறது. நான்கு கிலோதான் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாள் பட்டினி போடலாமா?

பதில்: பட்டினி மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்த் தேங்கிவிடும். காமாலை கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாட்டுப் பூனைகள் பெரும்பாலும் மூன்றரை முதல் ஐந்து கிலோவுக்குள் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எலும்புக்கட்டு பூனைக்குப் பூனை மாறும். அதனால் தராசை விட உங்கள் விரல்களையே நான் நம்புவேன். உங்கள் கையை விரித்து, புறங்கையை மற்றொரு கையால் தடவிப் பாருங்கள். பூனையின் விலா எலும்புகளும் அதே போல மெல்லிய பூச்சுக்கு அடியில் தட்டுப்பட்டால் எடை சரி. மடக்கிய கைவிரல்களின் முட்டி மேடுகளைப் போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல, அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் கொழுப்பு கூடிவிட்டது. பூனை நிற்கும்போது மேலிருந்தும் பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்றே உள்வாங்க வேண்டும்.

வயிறு ஆடுவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பின்னங்கால்களுக்கு முன்னால் தொங்கும் தோல் மடிப்பு ஒல்லிப் பூனைக்கும் உண்டு, புலிக்கும் உண்டு. பிடித்துப் பார்த்தால் காலிப் பை போலத் தொளதொளவென்று இருந்தால் அது தோல்தான். கனமாகத் திரண்டிருந்தால்தான் கவலை.

மருத்துவர்கள் உடல்வாகுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் தருவார்கள். ஐந்துதான் சரியான நிலை. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணும் 10 முதல் 15 சதவீதம் மிகை எடை. உங்கள் பூனைக்கு ஏழு கிடைத்தால், ஏறக்குறைய ஒரு கிலோ குறைய வேண்டும் என்று பொருள்.

கருத்தடைக்குப் பிறகு உடலின் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. கிண்ணம் காலியானதும் நிரப்பும் வீடுகளில்தான் பூனைகள் இப்படிப் பருக்கின்றன. நான்கு கிலோ எடைக்கு, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி போதும். உலர் உணவில் அது 50 முதல் 55 கிராம்தான். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பாலும் தின்பண்டமும் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்க வேண்டும்.

அளவைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வாரத்துக்கு 50 கிராம் எடை இறங்கினால் நல்ல வேகம். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளலாம்; அந்தத் தராசில் சிறு மாற்றம் தெரியாது என்பதால் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். இடையில் ஒரு நாள் முழுக்க உணவைத் தொடவில்லை என்றால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே அவரிடம் கொண்டு செல்லுங்கள்.