காரைக்குடிப் பக்கம் மாற்றுத்திறனாளிக்கு மருத்துவக் காப்பீடும் உதவித்தொகையும் வாங்க யாரைப் பார்க்க வேண்டும்?

அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி), வயது 17, மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது, ஆனால் காப்பீடும் இல்லை, மாத உதவியும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கும் அதே பிரச்சினைதான். அவளுக்கு இப்போது 20. பதினைந்து வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அவனுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழை எடுத்துப் படியுங்கள். எல்லாரும் சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குறைபாட்டின் பெயரைப் பாருங்கள். என் மகளின் முதல் சான்றிதழில் 'கை கால் இயக்கக் குறைபாடு, 65%' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். 2016 சட்டம் மூளை முடக்குவாதத்தை அந்தத் தலைப்பின் கீழ்தான் வைத்திருக்கிறது, ஆகவே எழுதியவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரியால் எங்களுக்கு இரண்டு உதவி நழுவிப் போனது. மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். உடல் குறைபாடு என்று போனால் 75% கேட்பார்கள். அறிவுசார் குறைபாடு என்றால் 40% போதும். அவளுக்கு இரண்டுமே உண்டு, காகிதத்தில் ஒன்றுதான் இருந்தது. மறுபடி மருத்துவக் குழு முன்னால் உட்கார்ந்து, மூளை முடக்குவாதம் என்ற பெயரையும் அறிவுசார் குறைபாட்டையும் சேர்த்து வாங்கிய பிறகுதான் மனு நகர்ந்தது. உங்கள் பையனுக்கு அறிவு வளர்ச்சியில் குறை இல்லை என்றாலும் நோயின் பெயர் கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்று கீழே வருகிறது.

அடுத்து முதல்வர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்துவிடுவார்கள். நம் ஊரில் சிக்கலே அந்த வருமானச் சான்றுதான். விசாரிக்க வந்தவர் முகப்பில் நின்று பர்மா தேக்குத் தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கா காப்பீடு?" என்று சிரித்தார். வீட்டில் பதினாலு புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ப் பங்கு, எங்களுக்கு ஓர் அறையும் இன்னொன்றில் பாதியும், நான் கணக்கெழுதும் கடையில் என்ன சம்பளம் என்பதெல்லாம் தூணைப் பார்த்தால் தெரியுமா? பங்குப் பத்திர நகலையும் சம்பளச் சீட்டையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன், கிடைத்தது. உங்கள் அக்காவும் பெரிய வீட்டில் பங்கில் இருந்தால் இதை முதலிலேயே செய்துவிடச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த அட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான். வாரம் மூன்று நாள் பிசியோ, பேச்சுப் பயிற்சி, வலிப்பு மாத்திரை, இதற்கெல்லாம் உதவாது. நம் பிள்ளைகளுக்குப் பணம் கரைவதோ அங்கேதான். அதற்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று நான்கு வகைக்கு மட்டும். (சான்றிதழில் பெயர் வேண்டும் என்றது இதற்குத்தான்.) ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. முன்பே இருக்கும் நோய் என்று தள்ளமாட்டார்கள், சேரும்போது பரிசோதனை கிடையாது, வெளிநோயாளிச் செலவும் பயிற்சிச் செலவும் ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கும் தனி வரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்பி வாங்க வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். மார்ச் 31 தாண்டினால் புதுப்பிக்கவும் வேண்டும். ஒரு வருடம் சித்திரைத் திருவிழா மும்முரத்தில் நான் மறந்து தொலைத்தேன். அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம். உங்கள் மாவட்டத்தில் எது என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மாவட்டம் என்றதும் ஒன்று. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்றால் சிவகங்கை. ராயவரம், அரிமளம், கடியாபட்டி என்றால் புதுக்கோட்டை. ரேஷன் கார்டு முகவரி எங்கே இருக்கிறதோ அந்த ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண் போட்டு ரசீது தருவார்கள். அந்த ரசீதை வைத்துத்தான் பிறகு பேச முடியும். அதுவரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோ பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வாசற்படி ஏற முடியாத பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

கடைசியாக, அவனுக்கு 17 என்றீர்கள். 18 ஆனதும் சட்டப்படி அக்காவும் அத்தானும் தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டார்கள். எங்களுக்கு இது வங்கியில் கணக்கு முடங்கியபோதுதான் தெரிந்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலர் சான்று தரும். அதே நல அலுவலகத்தில்தான் இதற்கும் விவரம் கேட்க வேண்டும். எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. பிறந்தநாள் வருமுன்பே படிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.