இறுக்கிப் பின்னிய சடை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கு அவள் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் முடி. நல்ல அடர்த்தியான சுருட்டை. இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி வர வேண்டும் என்பது பள்ளியின் விதி. ஏழேகாலுக்கு வேன் வந்துவிடும் என்பதால் தலையை நனைத்து, எண்ணெய் தடவி, முடிந்த மட்டும் இறுக்கிப் பின்னி அனுப்புகிறேன். ஆனாலும் பத்து மணிக்குள் நெற்றியிலும் காதோரத்திலும் முடி எழுந்து நின்றுவிடுகிறது. ‘தலை சீவி அனுப்பவும்’ என்று டைரியில் இரண்டு தடவை எழுதிவிட்டார்கள். போன வாரம் வகுப்பில் எழுப்பி நிறுத்தி, வீட்டில் சீப்பு இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவளே, ‘இன்னும் இறுக்கிப் பின்னும்மா’ என்கிறாள், பின்னும்போது அழவும் செய்கிறாள். நெற்றியோரம் சின்னச் சின்னப் பருக்கள் வந்திருக்கின்றன. அந்த இடத்தில் முடியும் மெலிந்த மாதிரி தெரிகிறது. தளரப் பின்னினால் பேன் ஏறும் என்கிறார் அத்தை. பார்லரில் ஸ்ட்ரெயிட்டனிங் செய்துவிடலாம் என்கிறாள் நாத்தனார். பேசாமல் கிராப் வெட்டிவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் தினமும் காலையில் என் வீட்டில் நடப்பது இதுதான்.

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாகக் கேட்கலாம். ஒரு குழந்தை தினமும் அழுதுகொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறாள் என்றால் அதைவிட முக்கியமான எதையும் நான் இந்தத் தளத்தில் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் டைரிக் குறிப்பைக் காட்டிலும் என்னைக் கவலைப்படுத்தியது நெற்றியோரப் பருக்களைப் பற்றிய வரிதான். நாள்தோறும் ஒரே இடத்தில் முடி இழுபட்டால் மயிர்க்கால்கள் புண்பட்டு, முதலில் இப்படிச் சிறு பருக்கள் தோன்றும். பிறகு நெற்றியிலும் காதுக்கு முன்புறத்திலும் முடி மெலியும். இந்த நிலையில் இழுப்பதை நிறுத்திவிட்டால் முடி திரும்ப முளைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், அதன் பிறகு அங்கே முடி வருவதில்லை. ஆகவே தாமதிக்காமல் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திராமல், நாளைக் காலையிலிருந்தே தளரப் பின்னத் தொடங்குங்கள்.

இறுக்கிப் பின்னுவதைத் தாயின் அக்கறைக்கு அடையாளமாகக் கருதுவது நம் பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். சடை இறுகியிருந்தால் முடி நன்றாக வளரும் என்று சொல்லாத ஆச்சி திருநெல்வேலிச் சீமையில் குறைவு. முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில், அதுவும் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான். வெளியே எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. விடியுமுன் வயலுக்கோ பீடிக்கடைக்கோ போக வேண்டியிருந்த தாய்மாருக்கு, ஒரு தடவை பின்னினால் மறுநாள்வரை நிற்கும் சடை தேவைப்பட்டது என்பதை நான் மறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் அத்தையின் நெற்றியோரத்தை ஒரு முறை கூர்ந்து பாருங்கள். அதே சுருட்டை முடியை ஆயுள் முழுக்க இழுத்துக் கொண்டை போட்ட பெண்கள் பலருக்கும் நெற்றி இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். அவருக்கும் அப்படியிருந்தால், சிறு வயதில் அவர் தலையை யார் பின்னினார்கள், எப்படி வலித்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாதாடுவதைவிட அந்தப் பேச்சு உங்களுக்கு அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

பேனைப் பற்றி அவர் அஞ்சுவதற்கு விடை எளிது. பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து ஏறும். முடி பின்னியிருந்தால் போதும், அது இறுக்கமா தளர்வா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. ஈர் பொரிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், வாரம் இரண்டு முறை பேன் சீப்பால் வாரிப் பார்த்தாலே பெருகுமுன் பிடித்துவிடலாம். பேன் சீப்புக்கு வேலை அவ்வளவுதான். சுருட்டை முடியில் சிக்கெடுக்க அதைத் தொடவே கூடாது.

இனி முடிக்கு வருகிறேன். சுருட்டை முடி சீவாத முடி அன்று. மயிர்க்கால் வளைந்திருப்பதால் முடி வளைந்தே முளைக்கிறது. தலைத் தோலில் ஊறும் எண்ணெய், நேரான முடியில் இறங்குவதுபோல வளைவுகளைத் தாண்டி நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. அதனால் நுனி வறண்டிருக்கும், ஒவ்வொரு வளைவிலும் ஒடியவும் செய்யும். காலையில் நீங்கள் தண்ணீர் தொட்டு நனைத்துப் பின்னுவதில் இரண்டு கேடுகள் இருக்கின்றன. நனைந்த முடி அதிகமாக நீளும், எளிதில் அறுந்துபோகும். நனைந்து நீண்ட சுருட்டை முடி உலரும்போது சுருங்குவதால், நீங்கள் கட்டி அனுப்பிய சடை வேனிலும் வகுப்பிலும் இன்னும் இறுகிக்கொண்டே போகும். பத்து மணிக்குக் காதோர முடி எழுந்து நிற்பதும் அது உலர்ந்து தன் இயல்புக்குத் திரும்புவதுதான்.

ஆகவே வேலையை இரவுக்கு மாற்றுங்கள். உறங்கப் போகுமுன், அவசரமில்லாத நேரத்தில், உள்ளங்கையில் சிறிது தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, அதை நுனிப் பக்கத்துக்கு முதலில் கொடுங்கள். சிக்கை விரலால் பிரித்துவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, நாலு விரற்கடை நாலு விரற்கடையாக மேலே ஏறுங்கள். சீப்பு ஓடும் இடத்துக்கு மேலே முடியை இடது கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது; இந்த ஒரு பழக்கத்தால் அழுகையில் பாதி குறையும். பிறகு உச்சி எடுத்து, இரண்டு சடையாகத் தளரப் பின்னிப் படுக்கவிடுங்கள். காலையில் மறுபடியும் சீப்பால் சீவ வேண்டியதில்லை. இரவில் பின்னியதைப் பிரித்து, கையால் கோதி, திரும்பப் பின்னி ரிப்பன் கட்டினால் போதும்.

பின்னும்போது முதல் இரண்டு மூன்று மடிப்புகளைத் தளரவிட்டு, கழுத்துக்கு வந்த பிறகு சற்று இறுக்குங்கள். சடை கலையாமல் நிற்பதற்குக் கீழ்ப்பகுதியின் இறுக்கமே போதும். காதுக்கு மேலே தொடங்காமல் காதுக்குப் பின்னே, பிடரியை ஒட்டித் தொடங்குவது நல்லது. மடித்துக் கட்டும்போது நுனியை வேர்வரை இழுத்து முடிச்சுப் போடுகிறோம். அதைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் மடிப்பின் பாரம் வேரில் விழாது. கடையில் பொட்டலம் கட்டுகிற ரப்பர் பேண்டை நேரடியாக முடியில் போடாதீர்கள், அவிழ்க்கும்போது முடியையும் சேர்த்துப் பிடுங்கும். துணி சுற்றிய பேண்டு பேன்சிக் கடையில் கிடைக்கும். முடித்தபின் அவளைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், குனிந்து நிமிரச் சொல்லுங்கள். நெற்றி இழுத்தால் அவிழ்த்து மறுபடியும் கட்டுங்கள். மாலையில் ரிப்பனை அவிழ்த்ததும் அவள் தலையைத் தேய்த்துவிட்டுக்கொண்டால், அன்று இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

தலைக்குக் குளிப்பது வாரம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும். தாமிரபரணித் தண்ணீர் வருகிற ஊரில் இருக்கிறீர்கள், அது முடிக்குச் சாதகம். கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீரில் குளிக்கிற பிள்ளைகளின் முடி எவ்வளவு சிக்காகும் என்பதை அந்தப் பக்கத்துத் தாய்மார் சொல்வார்கள். சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்கும் நம் வழக்கத்தை நீங்கள் விட்டிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தூளாகத் தேய்த்தால் சுருளுக்குள் தங்கிவிடும், கஞ்சியில் நன்றாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரெயிட்டனிங் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. முடியை நேராக்கும் மருந்துகள் பலவற்றில், சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியாக வெளிப்படுகிறது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. எட்டு வயதுக் குழந்தையை அந்தப் புகைக்கு நடுவில் உட்காரவைப்பதற்கு எந்த டைரிக் குறிப்பும் காரணமாகாது. அதோடு, புதிதாக முளைக்கும் முடி சுருட்டையாகவே வரும் என்பதால் ஒரு தடவையோடு அது நிற்கவும் செய்யாது. தன் ஆச்சியிடமிருந்து வந்த முடியைப் பணம் கொடுத்துத் திருத்த வேண்டிய குறை என்று அந்தப் பிள்ளை இந்த வயதிலேயே நினைத்துவிடக் கூடாது என்பது என் பெரிய கவலை.

பள்ளிக்கு நீங்களே நேரில் போங்கள். இரட்டைச் சடை விதியை நான் எதிர்க்கவில்லை. முடி கண்ணில் விழாது, விளையாடும்போது மாட்டிக்கொள்ளாது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் தலை ஒன்றுபோல இருக்கும். ஆனால் விதி கேட்பது சடையைத்தான், வழவழப்பை விதி கேட்கவில்லை. மருத்துவர் எழுதித் தரும் சீட்டோடு வகுப்பாசிரியரைப் பார்த்து, இவளுடைய முடி இயல்பிலேயே எழும்பும், இறுக்கினால் உதிர்கிறது, சடை தினமும் பின்னித்தான் வருவாள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அறுபது தலைகளைப் பார்க்கிற ஆசிரியருக்கு இது தோன்றாமல் போயிருக்கலாம். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டதையும் விடாமல் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தையை அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முதல் பேச்சிலேயே சட்டத்தை எடுக்க வேண்டாம். திரும்பவும் நடந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள்.

வெட்டுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டு பெண் குழந்தைக்கும் மொட்டை போடுகிறவர்கள் நாம். முடியை இழப்பது நமக்கு அப்படியொன்றும் தகாத காரியம் இல்லை. ஆனால் அவளிடம் கேட்காமல் வெட்டாதீர்கள். இப்போது கேட்டால், வகுப்பில் பட்ட அவமானத்துக்குப் பயந்து சரி என்று சொல்லிவிடுவாள். தளரப் பின்னி, வலியில்லாமல் ஒரு மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் தோள்வரை வெட்டிக்கொள்ள அவள் விரும்பினால், பள்ளியில் அனுமதி கேட்டு, கோடை விடுமுறையில் வெட்டிவிடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும், பருக்கள் வற்றினவா என்பதையும் எனக்கு அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா