கூடாரத்தில் ஓர் இரவு

கேள்வி: ஜூன் விடுமுறையில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம் என்று பிள்ளைகள் இருவரும் நச்சரிக்கிறார்கள். "ராத்திரியில் திருடனோ குடிகாரனோ வந்தால் என்ன செய்வாய்?" என்று மாமியார் பயப்படுகிறார். போகலாமா?
- ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: தாராளமாகப் போங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கி, கூடாரம் போட அனுமதிக்கப்பட்ட பகுதியில் மட்டும் தங்குங்கள். பக்கத்தில் வேறு குடும்பங்கள் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொண்டு, பணப்பையையும் கைப்பேசியையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் மாமியாரின் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எனக்குப் பயம் வானத்தைப் பார்த்துத்தான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து கிளம்பி வரும் சூறைக்காற்று, பெரும்பாலும் எல்லோரும் அசந்து தூங்கும் விடியற்காலையில்தான் சிங்கப்பூரை அடைகிறது, அதுவும் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், கூடவே இடி மின்னலோடு. நீங்கள் போகும் ஜூன் மாதம் சரியாக இதற்குள் வருகிறது. கூடாரத் துணியும் கம்பியும் மின்னலிலிருந்து யாரையும் காப்பாற்றாது, மரத்தடி அதைவிட மோசம். மின்னல் வெட்டியதிலிருந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம், சாமான்களை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கார் இல்லையென்றால் நாலு பக்கமும் சுவர் உள்ள கட்டடம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம். அதனால் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கமாகவே கூடாரம் போடுங்கள், பழைய கிளைகளும் தேங்காய்க் குலைகளும் தலைக்கு மேலே இல்லாத இடமாக.

அப்புறம் ஒன்று. வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். 15 கிலோமீட்டர் நீளக் கடற்கரையில், 995க்கு அழைத்து "கடலோரமா இருக்கோம்" என்றால் ஆம்புலன்ஸ் எங்கே என்று தேடும்? கம்பத்தின் எண்ணைச் சொன்னால் நேரே வந்துவிடுவார்கள்.

கேள்வி: மழை வந்தால் கரி அடுப்பைக் கூடார வாசலுக்குள் இழுத்து வைத்துச் சமையலை முடிக்கலாமா? புகை அடங்கி வெறும் தணல்தானே இருக்கும்?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: கூடவே கூடாது! புகை தெரியாவிட்டாலும் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும், தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. வாசல் ஜிப்பைத் திறந்து வைத்திருக்கிறோம் என்ற சமாதானமும் வேண்டாம், அந்தக் காற்றோட்டத்தை நம்ப முடியாது. கேஸ் அடுப்புக்கும் இதேதான். மழை வந்தால் ரொட்டியும் வாழைப்பழமும் போதும், ஒரு வேளைதானே.

சமைத்து முடித்ததும் கரியை மணலில் புதைக்காதீர்கள். மேலே சாதாரண மணல் மாதிரித் தெரியும், அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தையின் பாதம் வெந்துவிடும். தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சூடு முழுவதும் ஆறியபின் குப்பையில் போடுங்கள்.