கட்டணம் தராதவரின் குதிரையை விற்கலாமா?

கேள்வி: கோவைக்கு அருகே எங்கள் குடும்பம் குதிரை லாயம் நடத்துகிறது. பிறருடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்கிறோம், பழக்கியும் கொடுக்கிறோம். அப்பா தொடங்கியது. இப்போது தம்பியும் நானும் சேர்ந்து நடத்துகிறோம், லாபத்தை மூவரும் பிரித்துக்கொள்கிறோம். 14 மாதங்களுக்கு முன் ஒருவர் தன் பெட்டைக் குதிரையை எங்களிடம் விட்டார். பராமரிப்புக்கு மாதம் 15,000 ரூபாய், சவாரிக்குப் பழக்கிய மூன்று மாதங்களுக்கு மாதம் 8,000 ரூபாய் எனப் பேச்சு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப் செய்திகள்தான். ஐந்து மாதப் பராமரிப்புப் பணம் தந்தவர் பிறகு எதுவும் தரவில்லை, போனையும் எடுப்பதில்லை. இடையில் குதிரைக்குக் கடும் வயிற்றுவலி வந்து, மருத்துவருக்கு நாங்களே 11,500 ரூபாய் கொடுத்தோம். குதிரையை இரண்டரை லட்சத்துக்குக் கேட்கிறார்கள். விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அதுவரை சவாரி வகுப்பில் பயன்படுத்திச் செலவை ஈடுகட்டலாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

பதில்: விற்காதீர்கள். வகுப்பிலும் பயன்படுத்தாதீர்கள். உங்களுக்கு வர வேண்டிய 1,70,500 ரூபாய் நியாயமான பணம், அதை வாங்க வழி இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் பேசப்படும் இரண்டு யோசனைகளும் கடன் கொடுத்த உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடக்கூடியவை.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி அந்தக் குதிரை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். உரிமை இன்னும் அவருடையது. இந்தச் சட்டத்தின் ஒப்படைப்பு அத்தியாயத்தில் எடுத்துக்காட்டுகளாகக் குதிரைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. குதிரையை நம்பி மக்கள் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்டது அல்லவா! பிரிவு 154-இன் எடுத்துக்காட்டு, உங்கள் அப்பாவின் யோசனைக்கே பதில் சொல்வதுபோல் இருக்கிறது. ஒருவர் தான் மட்டும் சவாரி செய்வதாகச் சொல்லிக் குதிரையை இரவல் வாங்கி, வீட்டிலுள்ள இன்னொருவரை ஏற்றுகிறார். ஏறியவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபட, வாங்கியவர் இழப்பீடு தர வேண்டியவராகிறார். வகுப்பில் ஒரு பிள்ளையை ஏற்றி, குதிரை இடறி விழுந்து காலை முறித்துக்கொண்டால், உங்கள் தவறு எதுவும் இல்லை என்ற வாதம் செல்லாது. உங்கள் பாக்கி போய், அவருடைய இழப்பீட்டுக் கோரிக்கை முன்னால் வந்து நிற்கும். நடையும் ஓட்டமும் குதிரைக்கு அவசியம், அதை லாயத்து ஆட்களே கொடுக்கட்டும்.

அடுத்து தம்பியின் யோசனை. பணம் வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கும் பற்றுரிமை பிரிவு 170-இல் இருக்கிறது. ஆனால் பொருளின்மீது உழைப்போ திறமையோ செலுத்திச் செய்த வேலைக்குரிய கூலிக்கு மட்டும்தான் அந்த உரிமை. வைரத்தை அறுத்துப் பட்டை தீட்டியவர் கூலிக்காக வைரத்தைப் பிடித்து வைக்கலாம். குதிரையைப் பழக்குவதும் இந்த வகையில் வரும். கொள்ளும் புல்லும் போட்டு லாயத்தில் கட்டி வைப்பது வராது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1828-இல் குதிரை பழக்குபவருக்குப் பற்றுரிமை உண்டு என்றும், 1833-இல் வெறும் லாயம் நடத்துபவருக்கு இல்லை என்றும் சொல்லியிருந்தன; பிரிவு 170 அந்தப் பாகுபாட்டின் வழியிலேயே அமைந்திருக்கிறது. மொத்தப் பாக்கிக்கும் பிடித்து வைக்கும் பொதுப் பற்றுரிமையைப் பிரிவு 171 வங்கிகள் போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. மற்றவர்கள் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஆக, உங்கள் பற்றுரிமை பழக்கிய கூலியான 24,000 ரூபாய்க்குத்தான். நாளை அவர் அந்தத் தொகையோடு வந்து நின்றால், மீதி 1,46,500-ஐக் காட்டிக் குதிரையைத் தர மறுப்பது ஆபத்து. குதிரை உங்கள் வசம் இருக்கும்வரைதான் அந்த 24,000-க்கும் பிடிமானம். நல்ல மனதோடு ஒரு நாள் திருப்பி அனுப்பினால் போய்விடும்.

பற்றுரிமை என்பது வைத்திருக்கும் உரிமை, விற்கும் உரிமை அதில் அடங்காது. நோட்டீஸ் கொடுத்து விற்க அனுமதிக்கும் பிரிவு 176 அடகு பிடித்தவருக்கானது, உங்களிடம் யாரும் குதிரையை அடகு வைக்கவில்லை. நீங்கள் விற்றால் வாங்கியவருக்கு நல்ல உரிமை போய்ச் சேராது. அதற்கும் மேலே, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316-இன்கீழ் நம்பிக்கை மோசடி என்று அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க நீங்களே வழி திறந்துவிடுவீர்கள்.

கோபத்தில் தீனியைக் குறைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, ஒரு விலங்கைத் தற்சமயம் தன் வசத்தில் வைத்திருப்பவரையும் ‘உரிமையாளர்’ என்றே வரையறுக்கிறது. போதிய உணவும் தண்ணீரும் தங்குமிடமும் தராத குற்றம் உங்கள்மேல் வரும். சட்டம் இல்லாவிட்டாலும், அந்த வாயில்லா ஜீவன் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. லாடம் அடிப்பது, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். முதலில் வக்கீல் நோட்டீஸ். பராமரிப்பு 1,35,000, பழக்கிய கூலி 24,000, மருத்துவம் 11,500 என்று தனித்தனியாகக் காட்டி, குறிப்பிட்ட தேதிக்குள் பாக்கியைத் தீர்த்துக் குதிரையைக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். அதன்பின்னும் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பராமரிப்புக் கட்டணம் ஏறும் என்பதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். வெறும் பற்றுரிமையில் பிடித்து வைத்த காலத்துக்குத் தனியாகக் கட்டணம் கேட்க முடியாது என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1860-இல் ஒரு கப்பல் வழக்கில் தீர்ப்பளித்தது. ‘கூலிக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால், அன்றிலிருந்து போடும் தீனி உங்கள் செலவு என்று எதிர்த்தரப்பு வாதாடும். மருத்துவச் செலவை அவர் கேட்கவில்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 70.

நோட்டீஸ் ‘பெற மறுத்தார்’ என்று திரும்பினால் உறையைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். பிறகு உரிமையியல் வழக்கு. பணத்தை மட்டும் கேட்டால் குதிரை வழக்கின் பொருளாகாது. பற்றுரிமையை அறிவிக்கவும் குதிரையை விற்று ஈடுசெய்யவும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 6-இன்கீழ், தீர்ப்புக்கு முன்பே விற்க உத்தரவு கேட்க முடியும். நாள்தோறும் தின்று செலவு ஏற்றும் உயிர் என்பது அதற்கு வலுவான காரணம். இரண்டரை லட்சத்துக்குக் கேட்டவரை அந்த மனுவில் நீதிமன்றத்துக்குக் காட்டலாம். வாட்ஸ்அப் செய்திகள் சாட்சியமாகும், பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இன் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். வழக்குப் போடக் கால வரம்பு மூன்று ஆண்டுகள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது ‘லாபத்தை மூவரும் பிரித்துக்கொள்கிறோம்’ என்ற வரி. அது கூட்டாண்மை என்று நீதிமன்றம் கருதினால், பதிவு செய்யப்படாத நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வழக்குத் தொடுக்கக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் பிரிவு 69 தடை போடுகிறது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வழக்கு வாசலிலேயே விழுந்துவிடும். தொழில் அப்பா பெயரில் தனி உடைமையாக நடந்து, வங்கிக் கணக்கும் ரசீதும் அவர் பெயரிலேயே இருந்தால் அவரே வழக்குப் போடலாம். அப்படி இல்லையென்றால், வழக்குக்கு முன்பே நிறுவனத்தைப் பதிவு செய்து, மூவர் பெயரும் பதிவேட்டில் ஏறிவிட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், நோட்டீஸ் யார் பெயரில் போக வேண்டும் என்பதே இதைப் பொறுத்தது.

வழக்குச் செலவு மலைப்பாக இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. உரிமையாளர் வந்து உட்கார்ந்தால், குதிரையை உங்களுக்கே எழுதிக் கொடுத்துப் பாக்கியைக் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கவும் கூடும்.

லாயத்தில் இருக்கும் மற்றக் குதிரைகளின் உரிமையாளர்களிடம் இப்போதே எழுத்து ஒப்பந்தம் வாங்குங்கள். எல்லாப் பாக்கிக்கும் குதிரையைப் பிடித்து வைக்கும் உரிமை, குதிரை அந்தப் பாக்கிக்கு அடகு, இத்தனை நாள் நோட்டீஸுக்குப் பின் விற்கலாம், அவசரச் சிகிச்சைக்கு இவ்வளவு வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.